வெயில் தாங்கும் கோழிக்கூடு: தேர்ந்தெடுப்பது எப்படி?



புதுவை பெரிய மார்க்கெட்டை அறியாத விவசாயி இந்த வட்டாரத்தில் இல்லை. அதன் அரசுப் பெயர் குபேர் அங்காடி. ஆனாலும் நம் மக்கள் வாயில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், அரியாங்குப்பம் ஆகிய ஐந்து கொம்யூன்களிலும் காய்கறியும் கீரையும் பயிரிடும் குடும்பங்களில் பலர், வீட்டுப் புறக்கடையில் பத்து இருபது நாட்டுக்கோழிகளையும் வளர்த்து வருகிறீர்கள். முட்டையும் கோழியும் விற்று வரும் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைப்பணம். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் அவசர மருந்துச் செலவுக்கும் உதவுவது அந்தப் பணமே. கோடையில் ஒரே வாரத்தில் நாலைந்து கோழிகள் கூட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டால், அந்தக் கைப்பணம் பல மாதங்களுக்கு நின்றுபோகும்.

கோழிக்கூடு வாங்கும்போதும் கட்டும்போதும் நாம் வழக்கமாக மூன்றைப் பார்க்கிறோம். கதவு இறுக்கமாக மூடுகிறதா? நாயும் கீரியும் நுழைய முடியாதா? விலை கட்டுப்படியாகுமா? இம்மூன்றும் தேவைதான். ஆனால் நம் கடலோர வெயிலில் இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது காற்று. அடைத்த கூட்டுக்குள் இரவு முழுவதும் காற்று ஓடுமா என்பதே முதல் கேள்வி. அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

கோழிக்கு வெயில் ஏன் பொறுப்பதில்லை?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமோ ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். மேலே இறகுப் போர்வை வேறு. சுற்றிலும் உள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, கொண்டை, தாடி, கால், இறக்கையின் அடிப்பகுதி ஆகியவற்றின் வழியாக வெப்பம் வெளியேறும். வெயில் 30 டிகிரியைத் தாண்டியதும் இந்த வழி போதாமல் போகிறது. அப்போது கோழி இறக்கையை அகற்றி வைத்து, வாயைத் திறந்து இளைக்கத் தொடங்குகிறது. மூச்சுடன் ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றி, அதன் மூலம் உடலைக் குளிர்விக்கும் முயற்சி இது.

இங்கேதான் கடலோரத்துக்கு உரிய சங்கடம் வருகிறது. ஐப்பசி அடைமழையில் துவைத்துப் போட்ட வேட்டி காயாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதே காரணம். அதேபோலக் காற்றில் ஈரம் மிகுந்தால், கோழியின் மூச்சு ஈரமும் எளிதில் ஆவியாவதில்லை. எவ்வளவு இளைத்தாலும் உடல் குளிர்வதில்லை. ஆகவே உள்நாட்டின் வறண்ட 40 டிகிரியைத் தாங்கும் கோழிகூட, புதுவையின் புழுக்கமான 37 டிகிரியில் திணறிப் போகலாம்.

விடாமல் இளைப்பதால் இன்னொரு நட்டமும் உண்டு. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதால், ஓடு உருவாகத் தேவையான பொருள் இரத்தத்தில் குறைகிறது. தீனியும் குறைவாகத் தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. விளைவு, தோல்போல மெலிந்த ஓடு. கூடையில் வைத்து மார்க்கெட்டுக்குக் கொண்டு வரும் வழியிலேயே கீறல் விழும் முட்டைகளில் பல, இப்படி வெயிலில் இட்ட முட்டைகளே.

பகலைவிட இரவு முக்கியம்

புறக்கடைக் கோழி பகலில் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பூவரச மரத்தடி, வாழைத் தோட்டம், தண்ணீர் தேங்கும் வாய்க்கால் ஓரம் என்று குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய், மண்ணைக் கிளறிப் படுத்துக்கொள்ளும். இரவில் அதற்கு அந்த உரிமை இல்லை. நாம் அடைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பகுதியில் இரவு வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. பகலெல்லாம் உடலில் ஏறிய சூட்டை இரவில் இறக்கி வைத்தால்தான் மறுநாள் வெயிலைக் கோழி தாங்கும். காற்றோட்டமில்லாத கூட்டில் அந்தச் சூடு இறங்குவதில்லை. முதல்நாள் சுமையுடன் இரண்டாம் நாள் வெயிலைச் சந்திக்கும் கோழிதான் மூன்றாம் நாள் விழுகிறது.

ஈரத்தின் கணக்கையும் பாருங்கள். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். இருபது கோழிக்கு 5 லிட்டர். கடும் வெயிலில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்துவிடுகிறது. மூடிய கூட்டில் இந்த ஈரம் தங்கி, எச்சம் நொதித்து அம்மோனியா வாயு கிளம்பும். கண் எரிச்சல், சளி, இரத்தக்கழிச்சல் ஆகியவை இத்தகைய கூட்டில் எளிதில் பரவும்.

நாம் பயன்படுத்தும் கூடுகள்

முதலாவது பஞ்சாரம். மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த இந்தக் கூடையில் காற்று நன்றாகப் போகும். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பகலில் நிழலில் கவிழ்த்து வைக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பெருச்சாளி, பாம்பு, கீரி ஆகியவற்றிலிருந்து இரவில் காப்பு இல்லை. நாலைந்து பறவைகளுக்கு மேல் இடமும் போதாது.

இரண்டாவது, வீட்டுச் சுவரை ஒட்டியோ திண்ணைக்கு அடியிலோ கட்டிய மண் அல்லது செங்கல் கூடு. ஒரே ஒரு சிறிய வாயில். அதையும் இரவில் பலகையால் மூடிவிடுகிறோம். திருட்டுக்கும் கீரிக்கும் நல்ல காப்புத்தான். ஆனால் சுவர் பகலில் குடித்த சூட்டை இரவில் உள்ளே விடுகிறது. மேலே போக்கு இல்லாததால் புழுக்கமும் வாடையும் அங்கேயே தங்குகின்றன.

மூன்றாவது, கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் இரும்புக் கம்பிக் கூண்டு. பக்கங்களில் காற்று நன்றாகப் போகும், கழுவுவதும் எளிது. ஆனால் பலவற்றில் கூரை வெறும் தகரம். உயரமும் குறைவு. தகரச் சூடு கோழியின் முதுகின்மேலேயே இறங்கும். இதை வாங்கினால் மேலே தனியாக ஒரு கீற்றுக் கூரை போட்டே தீர வேண்டும்.

நான்காவது, பலகையால் சிறு வீடுபோலச் செய்த அழகிய கூண்டு. இந்த அமைப்பு குளிர் நாடுகளிலிருந்து வந்தது. பனிக்காலத்தில் கோழியின் சூடு வெளியே போகாமல் காப்பதற்காக அங்கே நான்கு பக்கமும் பலகை அடித்தார்கள். நம் தேவை அதற்கு நேர் எதிரானது. பலகையை எடுத்துவிட்டு வலை அடிக்க இடம் கொடுத்தால் மட்டும் இதை வாங்கலாம்.

ஐந்தாவது, கால்கள்மீது உயர்த்தி நிறுத்திய, பக்கங்களில் வலை அடித்த மரக் கூடு. பத்து முதல் முப்பது கோழிகள் வரை வைத்திருப்போருக்கு நம் பகுதியில் மிகவும் ஏற்றது இதுவே. நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பக்கங்கள் திறந்திருக்க, கூண்டுகள் தரையைவிட்டு உயர்ந்து நிற்க, எச்சம் கீழே விழும் கொட்டகைகள் அங்கே உண்டு. அதே தத்துவத்தைத்தான் சிறிய அளவில் நாம் கையாளுகிறோம்.

இடமும் திசையும்

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டுமே விழும். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து இருப்பதால் வெயில் உள்ளே பாயாது. பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றும் தெற்குப் பக்கமாக நுழைந்து வடக்கே வெளியேறும்.

நமது பகுதியில் வைகாசி முதல் ஆடி வரை உச்சி வெயில் சற்று வடக்கே சாய்ந்தும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்தும் விழும். ஆகவே இறவாணம் இரு பக்கமும் வேண்டும். சிறு கூட்டுக்கு ஒன்றரை அடி, ஆள் புழங்கும் கொட்டகைக்கு மூன்று அடி வெளியே நீண்டிருப்பது நலம்.

மேற்குப் பக்கம் ஒரு வேப்ப மரமோ பூவரசோ அகத்தி வரிசையோ இருந்தால் மாலை வெயிலைத் தடுக்கும். ஆனால் கடற்காற்று வரும் பக்கத்தில் அடர்த்தியான வேலியோ வைக்கோல் போரோ இருக்கக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டியும் கூட்டை வைக்க வேண்டாம். குறைந்தது மூன்று அடி தள்ளியிருக்கட்டும்.

கூரை

கூட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பகுதி கூரை வழியாகவே வருகிறது. தென்னங்கீற்று அல்லது பனையோலைக் கூரை மிகக் குளிர்ச்சியானது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்புப் பொறி படாத தூரத்தில் இருக்க வேண்டும். நாட்டு ஓடு அடுத்தபடி நல்லது. தகரம் போடத்தான் வேண்டும் என்றால், அதன்மேல் ஒரு சாண் கனத்துக்குக் கீற்றோ வைக்கோலோ பரப்பிக் கட்டுங்கள். இல்லையேல் பங்குனி மாதத்தில் வெளிப்புறம் இரண்டு முறை வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆண்டுதோறும் மழைக்குப் பின் இதைப் புதுப்பிக்க வேண்டும்.

கல்நார் தகடு புதிதாக வாங்க வேண்டாம். பழைய தகடு கிடைத்தாலும் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

சூடான காற்று மேலே எழும். ஆகவே கூரையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உயர்ந்த பக்கத்தில் கூரைக்குச் சற்றுக் கீழே ஆறு அங்குலம் திறப்பு விட்டு வலை அடியுங்கள். புதுவையின் பழைய வீடுகளைப் பாருங்கள். உயரமான கூரை, எதிரெதிர் சன்னல், நடுவில் முற்றம். மின்விசிறி இல்லாத காலத்தில் மனிதர் வெயிலைத் தாங்கியது அந்த அமைப்பால்தான். கோழிக்கும் அதே வழிதான்.

இருபது கோழிக்கு ஒரு கணக்கு

பகலில் மேய விட்டு இரவில் மட்டும் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். 6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள கூடு 24 சதுர அடி. இது இருபது கோழிக்குப் போதும். பகலிலும் அடைத்து வைப்பதானால் இந்த அளவு போதாது. தலைக்கு 2 சதுர அடி வீதம், 40 சதுர அடிக்குக் குறையாமல் வேண்டும்.

கால்களின் உயரம் இரண்டரை அடி. கூட்டின் உயரம் ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 5 அடி. அடிப்பக்கம் ஒரு அடிக்குப் பலகை அடித்து, அதற்கு மேலே முழுவதும் அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலை அடியுங்கள். கண் பெரிதானால் பாம்பும் எலியும் நுழையும். தரைக்கு மரச் சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழும். கீழே சாம்பலோ உமியோ பரப்பி வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் சேர்க்கலாம்.

கோழி உட்காரும் கழிக்குத் தலைக்கு 8 அங்குலம் கணக்கிடுங்கள். இருபது கோழிக்கு 160 அங்குலம், அதாவது பதிமூன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. 5 அடிக் கழிகள் மூன்றை ஓர் அடி இடைவெளியில் ஒரே மட்டத்தில் வைத்தால் போதும். கழிக்கும் கூரைக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். கூரையை ஒட்டிய காற்றுத்தான் மிகச் சூடானது. முட்டையிட ஐந்து கோழிக்கு ஒரு பெட்டி வீதம் நான்கு பெட்டிகள் வேண்டும். ஓர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டியே போதுமானது.

மரத்தின் இடுக்குகளில் உண்ணிகள் பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். ஆகவே கழிகளைக் கழற்றி மாட்டும்படி செய்து, மாதம் ஒருமுறை வெயிலில் காய வையுங்கள். இடுக்குகளில் சுண்ணாம்பு பூசுங்கள்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

கூட்டை விற்பவர் எதுவும் சொல்லலாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

முதலாவது கைச் சோதனை. பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டை வெயிலில் வைத்து, கூரையின் உட்புறத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடியாவிட்டால் அந்தக் கூரை கோழிக்கு ஆகாது.

இரண்டாவது புகைச் சோதனை. கூட்டுக்குள் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்துங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து உடனே வெளியேறினால் காற்று ஓடுகிறது என்று பொருள். கூரைக்கடியில் சுருண்டு தங்கினால், கோழியின் மூச்சுக் காற்றும் அப்படியே தங்கும்.

மூன்றாவது மூக்குச் சோதனை. இது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கூட்டுக்கு. விடியற்காலை கதவைத் திறந்தவுடன் கோழி இருந்த உயரத்தில் முகத்தை வைத்து மூச்சு இழுங்கள். கண் கரித்தால், இரவு முழுவதும் கோழி அந்தக் கரிப்பில்தான் இருந்தது. நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாதிரிக் கூடு பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களைக் கேட்டு ஒரு நாள் காலையில் இப்படிப் பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

உள்ளதையும் திருத்தலாம்

எல்லோரும் புதுக் கூடு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண் கூட்டில் எதிரெதிர்ச் சுவர்களில் ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு வெட்டி வலை பதியுங்கள். ஒரு திறப்பு தாழ்வாகவும், மற்றொன்று கூரையை ஒட்டி உயரத்திலும் இருக்கட்டும். வாயில் பலகைக்குப் பதிலாக வலைக் கதவு போடுங்கள். அரை நாள் வேலை, சிறிதளவு வலை. புழுக்கம் நன்றாகக் குறையும்.

மழைக்காலத்தை மறவாதீர்கள்

நமக்கு வெயில் மட்டும் பகை அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்ததை நாம் அறிவோம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் புதுவையில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தரையோடு இருக்கும் கூடு அத்தகைய நாளில் நீரில் மூழ்கும். கால் வைத்த கூட்டின் நன்மை அப்போது தெரியும். ஆனால் காற்றில் சாயாதபடி, நான்கு கால்களையும் மண்ணில் புதைத்த முளைகளோடு கம்பியால் பிணைக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடக்கிலும் கிழக்கிலும் சாரல் அடிக்கும். அந்தப் பக்கங்களில் சாக்குப் படுதா தொங்க விடுங்கள். மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். தை பிறந்ததும் படுதாவைக் கழற்றிவிடுங்கள். மழைக்குக் கட்டிய படுதா சித்திரை வரை தொங்கிக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் கோடைச் சாவுக்குக் காரணம்.

மார்க்கெட்டுக்குப் போகும் கூடையும் ஒரு கூடுதான்

விற்பனைக்குக் கொண்டு வரும் கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்க விடுவது கொடுமை மட்டும் அல்ல, நட்டமும்கூட. சாக்கில் திணிப்பதும் அப்படியே. இடைவெளி விட்டு முடைந்த மூங்கில் கூடையில், ஒவ்வொரு கோழியும் உட்கார இடம் விட்டு, விடியுமுன் புறப்படுங்கள். வண்டி நிற்கும்போது கூடையை நிழலில் இறக்கி வையுங்கள். ஓடும் வண்டியில் காற்று உண்டு. நிற்கும் வண்டியில் இல்லை. வந்து சேர்ந்ததும் தண்ணீர் காட்டுங்கள். இளைத்துச் சோர்ந்த கோழிக்கு எடையும் குறையும், வாங்குபவர் கொடுக்கும் விலையும் குறையும்.

பிற கவனங்கள்

கோடையில் தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். உச்சி வேளையில் வயிறு நிறையத் தின்றால், செரிக்கும் சூடும் சேர்ந்து கோழியை வருத்தும். மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி நிழலில் வைத்து, பகலில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். உச்சி வெயிலில் கோழியை விரட்டிப் பிடிக்க வேண்டாம். வாய் திறந்து தள்ளாடும் கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், காலையும் கொண்டையையும் தண்ணீரில் நனைத்து, காற்று படும்படி விடுங்கள். கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் இருக்கக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய வயதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டில், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுவையில்தான் தொடங்கப்பட்டது என்பது இந்த மண்ணுக்குப் பெருமை. இன்று குருமாம்பேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கூடு கட்டுமுன் ஐயம் இருந்தால் அங்கே சென்று கேளுங்கள்.

இன்றிரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. படுக்கப் போகுமுன் உங்கள் கோழிக்கூட்டின் அருகே போய், வாயிலில் கையை வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து வெப்பக் காற்று முகத்தில் அடித்தால், நாளையே ஒரு திறப்பு வெட்டி வலை பதியுங்கள். அக்கினி நட்சத்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு திறப்பு, உங்கள் வீட்டுப் பெண்களின் கைப்பணத்தைக் கோடையிலும் காப்பாற்றும்.